முப்பத்தொரு தலைகள்

"என் பொண்ணை ஏன் மிஸ் ஆழத்துக்கு விட மாட்டேங்கறீங்க?"

கஸ்தூரி சண்டைக்கென்றே கிளம்பி வந்திருந்தாள்.

எதிரே நின்றவள் டெல்ஃபின். அந்தப் பொது நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்துக்குப் பயிற்சியும் அவள்தான், காவலும் அவள்தான். கஸ்தூரியைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் எல்லோருக்கும் மிஸ்.

ஆழப் பகுதிக்குப் போக, இரண்டு நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும் என்பது விதி. கஸ்தூரியின் மகள் மாதங்கி ஒரு நிமிடம் ஐம்பது விநாடியில் சுவரைப் பிடித்துவிட்டாள் என்றாள் டெல்ஃபின்.

பத்து விநாடி.

ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆழத்தில் நீந்தாத பிள்ளையை எவர் எடுப்பார்? பதினொரு வயதுப் பெண், மூன்று நாளாகத் தட்டில் வைத்த சோற்றை அளைந்துவிட்டு எழுந்து போகிறாள்.

கஸ்தூரி எல்லாவற்றையும் கொட்டினாள். வாசல் பலகையில் பதினேழு 'கூடாது' இருக்கிறது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, துப்பட்டாவோடு இறங்கக் கூடாது. நனையக் கூடாது என்பது மட்டும்தான் பாக்கி. போதாக்குறைக்குக் கால் மணிக்கு ஒரு விசில். எல்லோரும் கரையேறி, வரிசையில் நின்று, அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். அவள் படித்த கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள்கூட இப்படிப் படுத்தவில்லை.

டெல்ஃபின் முழுவதையும் கேட்டாள். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினாள்.

"மேல ஏறி உட்காருங்கக்கா."

குளத்தோரம் ஏணி வைத்த உயர நாற்காலி. கஸ்தூரி புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். டெல்ஃபின் கீழே, தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

"தண்ணில முப்பத்தொரு பேர். அடுத்த விசில் வரைக்கும் எண்ணிக்கிட்டே இருங்க. அப்புறம் 'விடு'ன்னு நீங்க சொன்னா நான் விட்டுடறேன்."

இவ்வளவுதானா என்று கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்தது.

முதல் தடவை முப்பத்தொன்று. சரி.

இரண்டாம் தடவை முப்பத்து மூன்று.

அடுத்தது இருபத்தெட்டு.

எல்லாத் தலையிலும் ஒரே நீலத் தொப்பி. ஒன்று முங்கினால் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடித்தது. ஒவ்வொரு முறையும் மாதங்கியிடம் வந்ததும் கண் நின்றுவிட்டது.

"எத்தனைக்கா?"

"மாதங்கி அந்தச் சுவரோரமா இருக்கா."

"அவ ஒண்ணு. மீதி?"

கஸ்தூரி விரலை நீட்டி, ஒவ்வொரு தலையாகத் தொடுவதுபோல் எண்ணினாள்.

முப்பது.

வலமிருந்து எண்ணினாள். முப்பது.

இடமிருந்து. முப்பது.

கண் தானாகச் சுவரோரம் ஓடியது. மாதங்கி அங்கேதான் இருந்தாள், யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டு.

"அப்பாடா."

டெல்ஃபின் திரும்பவில்லை. தண்ணீரின் விளிம்புக்கு நகர்ந்திருந்தாள்.

"யாருக்குக்கா அப்பாடா?"

கஸ்தூரி விசிலை வாயில் வைத்தாள். இன்னும் நேரம் ஆகவில்லை. தப்பாக எண்ணியிருந்தால்? இத்தனை பேரும் திரும்பி முறைப்பார்களே என்று ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணம் நீளமாக இருந்தது.

ஊதினாள். முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள்.

முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். அந்தம்மாவின் கடிகாரம் மட்டும் வேகமாக ஓடுகிறதா என்று ஒருத்தி கேட்டாள். வரிசை நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று. சிலர் கொட்டாவியோடு சொன்னார்கள். பதினேழு. பதினெட்டு.

அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"பத்தொன்பது?" என்றாள் டெல்ஃபின்.



டெல்ஃபின் தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

கஸ்தூரி மேலேயிருந்து குளத்தின் அடியைப் பார்த்தாள். அலையும் தண்ணீரில் ஓடுகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு கறுப்புக் கோடும் படுத்திருக்கும் ஆள்போலத் தெரிந்தது. பத்தொன்பது யார்? குட்டையா, நெட்டையா? எதிரே இத்தனை நேரம் நீந்தியவள். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

பின்பக்கம் கழிப்பறைக் கதவு திறந்தது.

ஈரக் காலோடு ஒரு பெண் வந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு எரிச்சலானாள். அவசரத்துக்குப் போவதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமா, இதென்ன பள்ளிக்கூடமா என்று கேட்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நாற்காலி கிறீச்சிட்டது. கஸ்தூரி முன்னால் சாய்ந்து வரிசையை மறுபடி எண்ணினாள், முப்பத்தொன்று.

டெல்ஃபின் கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். தலையை மட்டும் உயர்த்தினாள்.

"சொல்லுங்கக்கா. பாப்பாவை விட்டுடட்டுமா?"

வரிசையின் கடைசிப் பக்கத்திலிருந்து மாதங்கி இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அம்மா, சரின்னு சொல்லும்மா. ப்ளீஸ்மா."

கஸ்தூரியின் கண்ணெதிரே, சொட்டச் சொட்ட, முழுசாக நின்றிருந்தாள்.

"நீ முதல்ல உன் நம்பரைச் சொல்லு."