நரியார் போட்ட குட்டித் தூக்கம்

மொட்டைக்குன்று முயல்கள் எலும்பும் தோலுமாக இருந்தன. ஓடைக்கரைப் பன்றிகளோ கொழுகொழுவென்று இருந்தன.

"ஏன் இப்படி?" என்று விசாரிக்க, சிங்கராஜா நரியையும் யானையையும் அனுப்பியது. முயல்கள் சோம்பேறிகள் என்று தெரிந்தால் குன்றைப் பன்றிகளுக்குக் கொடுத்துவிடுவதாக உத்தரவு!

இரண்டும் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தன. முயல்கள் எல்லாம் புதருக்கடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

"பார்த்தீரா யானையாரே! பட்டப்பகலில் தூக்கம்! கிழங்கு தோண்டாவிட்டால் வயிறு எப்படி நிறையும்?" என்றது நரி.

"அதானே!" என்று யானை தலையை ஆட்டியது. நரி எதைச் சொன்னாலும் அது தலையை ஆட்டும்.

செவந்தி என்ற தாய்முயல் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. "ஐயா, தண்ணீருக்கு..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்! தூங்கினாயா, இல்லையா?"

"தூங்கினேன்தான். ஆனால் நாளைக்கு விடியற்காலையில் வந்து ஒருநாள் எங்களோடு இருந்து பாருங்கள். அப்புறம் எங்களை விரட்டுங்கள்!"

நரிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் விடியும்போதே வந்து நின்றது. செவந்தி கொடுத்த கிழங்கைத் தின்றதும் அதற்கு விக்கல் எடுத்தது.

"தண்ணீர்! தண்ணீர்!"

"நாங்களும் அதற்குத்தான் கிளம்புகிறோம். வாருங்கள்!"

ஓடை குன்றுக்கு மறுபக்கம் இருந்தது. நடுவே இருந்த இடுக்குவழியை ஒரு பாறை அடைத்துக் கிடந்தது. குன்றைச் சுற்றி, முள்ளுக்குள் நுழைந்து, போய்க் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பாவம் நரி, புதருக்கடியில் பொத்தென்று விழுந்தது.

யானை வந்து பார்த்தபோது எல்லாரையும்விட உரக்கக் குறட்டை விட்டது நரிதான்!

"நரியாரே, நீரும் சோம்பேறியா?"

நரி துள்ளி எழுந்தது. "போங்காணும்! தண்ணீருக்கே பாதிநாள் போய்விடுகிறது. பிறகு எங்கே கிழங்கு தோண்டுவது? அந்தப் பாறை இல்லாவிட்டால் ஓடை கூப்பிடு தூரம்தான். எந்தத் தடியன் அதை அங்கே தள்ளினான்?"

யானை இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "போன கோடையில் முதுகு அரித்தது. லேசாகத்தான் உரசினேன். உருண்டுவிட்டது," என்று முனகியது.

பிறகு ஒரே தள்ளு! வழி திறந்தது. முயல்கள் குதித்தோடின. அன்று சாயங்காலமே குன்றெங்கும் கிழங்கு தோண்டும் சத்தம். நடந்ததைக் கேட்ட சிங்கராஜா குன்றை முயல்களுக்கே விட்டுவிட்டது.

"இனிமேல் முதுகு அரித்தால் எங்களைக் கூப்பிடுங்கள், யானையாரே! நாங்களே சொறிந்துவிடுகிறோம்!" என்றது செவந்தி.

ஏழையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன், அவர் வழியில் பாறையைத் தள்ளியது யார் என்று விசாரிக்க வேண்டும்.