புது எஞ்சினின் எடை

கனகமணி புது எஞ்சினின் கடைசி போல்ட்டை முடுக்கியதும், மில் முதலாளி மருதாசலம் தான் சொந்தமாகக் கட்டிய குட்டி விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். விமானம் நின்றிருந்த எடைமேடையின் முள், பறப்பதற்கான உச்ச எடையைக் குறிக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டியது.

"பழைய எஞ்சினை விட இது கனமுங்க. பறக்க முடியாது" என்றாள் கனகமணி.

"ஒரு திருகாணியைக்கூடக் கழட்டாம எடையைக் கொறச்சுக் காட்டு அம்மிணி. காட்டினா மொதல்ல நீயே ஓட்டு. இல்லைன்னா வேலையை விட்டுப் போயிரு!" என்று ஃபிட்டர்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்.

பைலட் உரிமம் வாங்கியும் இதுவரை ஸ்பேனர் மட்டுமே பிடித்தவள் அவள்.

"கொறச்சிரலாமுங்க. செத்த கீழ எறங்குங்க மொதலாளி."

இறங்கினார். முள் சரேலென்று கோட்டுக்குள் வந்தது. ஃபிட்டர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். மருதாசலம் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கனகமணி ஏறினாள். முள் கோட்டைத் தொடவில்லை. கால் எட்டும்படி சீட்டை முன்னால் நகர்த்திக்கொண்டாள்.