எல்லைக் கல்லும் மஞ்சள் கயிறும்

துரைமார் சண்டை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாளையக்காரர் கண்ணை மூடியதும் மூத்த மகன் பெரிய துரை கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டார். தம்பி சின்ன துரை வெளியூர்ப் பீரங்கிகளைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினார். பாளையமே இரண்டுபட்டது.

அந்த நேரம் பார்த்துப் புளியங்குளத்தில் காளியம்மன் திருவிழா. மணிக்கட்டில் காப்பாக மஞ்சள் கயிறு கட்டிய ஆண்கள் எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. கல் நிற்கும் இடம்வரை ஆயுதம் எடுக்கக்கூடாது. ஊர்த்தலைவரான அம்பலக்காரர் வீரணன்தான் முதலில் கட்டுவார், முதலில் அவிழ்ப்பார். அவர் அவிழ்க்காமல் வேறு யாரும் அவிழ்க்கக்கூடாது. துரைமார் இருவரும் கட்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் மட்டும் கல்லைத் தாண்டலாமாம்! பெரிய இடம் அல்லவா?

எல்லைக் கல்லுக்கு அப்பால் இருந்த கோட்டையில் புகை எழுந்தது. உதவிக்கு வரச்சொல்லி அடையாளம். கோட்டைக் காவலனுக்கு வாழ்க்கைப்பட்ட வீரணன் மகள் நிறைமாதமாக உள்ளே இருந்தாள்.

"காப்போட தாண்டமாட்டேன்" என்றார் வீரணன்.

"அப்ப புள்ள சாகட்டுமா மச்சான்?" என்று கத்திய மைத்துனன் மாயழகு, தன் காப்பை அறுத்தெறிந்துவிட்டு வேலோடு கோட்டைக்கு ஓடினான். போகலாமா கூடாதா என்று மற்றவர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது.

வீரணன் மனைவி மூக்காயிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க கயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க!" என்றாள். பெண்களுக்குக் காப்பு கிடையாது. நாலு பெண்களோடு எல்லைக் கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினாள். கோட்டையைத் தாண்டி, பீரங்கிகளையும் தாண்டிப்போய் நட்டாள்.

"இதுவரைக்கும் எங்க ஊரு. இப்ப சுடச்சொல்லுங்க துரை!"

பீரங்கிக்காரன் திரியோடு சின்ன துரையின் முகத்தைப் பார்த்தான். சின்ன துரை தன் மணிக்கட்டைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறக்கினார்.

வீரணன், மாயழகு, மூக்காயி. மூவரில் யார் செய்ததுதான் சரி, நீங்களே சொல்லுங்கள்.

மாயழகு போனதில் கோட்டைக்கு ஒரு வேல் கூடியது, அவ்வளவுதான். மூக்காயி என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திருவிழா முடிந்து காப்பு அவிழ்ந்தால் பாவிகள் மறுபடி வெட்டிக்கொள்வார்களே? வீரணன் அவிழ்க்கவே இல்லை; அதனால் துரைமாரும் அவிழ்க்க முடியவில்லை. அன்றைக்கு அவரும் அறுத்திருந்தால் மூக்காயியின் கல் வெறும் கல்தான். மகள் பிள்ளையோடு ஊருக்கு வந்தாள். தாத்தாவின் மணிக்கட்டில் நைந்துகிடந்த கயிற்றைப் பேரன் பிடித்து இழுத்தபோது, "அத மட்டும் விட்டுருய்யா" என்று கெஞ்சினாராம் வீரணன்.