முள் காட்டிய நூற்றாறு

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு பழைய காராம். அதற்கு ஒரு வைத்தியச்சியாம். ஊர் மேட்டுப்பாளையம், ஊட்டி மலை எழும்புகிற இடம். வைத்தியச்சி ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ரெஜினா, வயசு முப்பத்திரண்டு. அவளுடைய சிஷ்யர் திருமலைசாமிக்கோ அறுபத்தொன்று. ஊட்டியில் முப்பது வருஷம் ஐந்தாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றபின், பழைய கார் கிறுக்குப் பிடித்து அவளிடம் வந்து சேர்ந்தவர்.

அன்று காலை இருதயராஜ் தன் அப்பா காலத்துக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் இஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரைப் போன வாரம்தான் திருமலைசாமி மாற்றிக் கொடுத்திருந்தார்.

"முள்ளு தொண்ணூறைத் தாண்டிச் சிவப்புலயே நிக்குதுங்க. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். இதுலதான் சர்ச்சுக்குப் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நடுரோட்டுல கொதிச்சா மானம் போயிரும். சரியாகலேன்னா எடைக்குப் போட்டுரலாம்னு பழைய இரும்புக்காரனை மத்தியானம் வரச் சொல்லிட்டேன்."

"மீட்டர் பக்கா. நானே டெஸ்ட் பண்ணி வெச்சது," என்றார் திருமலைசாமி. "கோளாறு இஞ்சின்லதான். பிரிச்சிடலாம் மேஸ்திரி."

"பிரிச்சா நாளைக்குள்ள மூடிருவீங்களா, வாத்தியாரே?"

அவர் கையிலெடுத்த ஸ்பேனரைத் திரும்ப வைத்தார்.

ரெஜினா இருதயராஜிடம் கேட்டாள். "ஆவி வந்துச்சுங்களா? தண்ணி குறைஞ்சுதா?"

"ஒரு சொட்டுக் குறையலைங்க."

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தளதளவென்று கொதித்தது. இஞ்சினிலிருந்து சென்சரைக் கழற்றி, ஒயரோடு அதில் தொங்கவிட்டாள். கூடவே ஒரு தர்மாமீட்டர்.

"படிங்க."

தர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது. காரின் முள் நூற்றாறு.

திருமலைசாமிக்குக் காது சுட்டது. "எங்க வீட்டுல சரியாத்தானே இருந்துச்சு! வண்டி மலை ஏறுதான்னு பார்க்க ஊட்டிக்கு எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனப்ப, இதே மாதிரி கொதிக்கிற தண்ணியில போட்டேன். முள்ளு தொண்ணூத்திமூணுல நின்னுச்சு. மீட்டருக்குப் பின்னாடி இருக்கிற திருகைத் திருப்பி நூறுல வெச்சேன்."

"தர்மாமீட்டர் போட்டீங்களா?"

"எதுக்கு? கொதிச்சா நூறுதானே!"

"உங்க வீட்டுல பருப்பு எப்படி வேக வெப்பீங்க?"

"குக்கர்லதான். சும்மா பாத்திரத்துல வெச்சா பொழுதுக்கும் கொதிக்கும், வேகாது. மலை மேல தண்ணி…"

கொதிக்கிற பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலை மேல தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். நூறு வரைக்கும் போகாது," என்றார் மெதுவாக. பிறகு இருதயராஜ் பக்கம் திரும்பினார். "வண்டி மேல தப்பில்லைங்க. முள்ளு சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்."

ரெஜினா ஸ்க்ரூ டிரைவரை அவரிடமே நீட்டினாள். அவர் தர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்துத் திருகினார். முள் தொண்ணூற்றொன்பதுக்கு வந்து நின்றது.

சென்சரை மாட்டி, மூவருமாகப் பக்கத்து ஊரான அன்னூர் வரை ஓட்டிவிட்டு வந்தார்கள். முள் எண்பத்தைந்தை விட்டு நகரவில்லை. இருதயராஜ் இரும்புக்காரனுக்குப் போன் போட்டார். "வராதீங்க. நாளைக்கு எம்பொண்ணு இதுலதான் போறா." ஹாரனை ரெண்டு தரம் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

திருமலைசாமி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"மேஸ்திரி, முப்பது வருஷம். எத்தனை பிள்ளைங்களுக்குத் தண்ணி நூறுல கொதிக்கும்னு போர்டுல எழுதிப் போட்டிருப்பேன். அத்தனையும் பொய்யா?"

"பொய்யில்லீங்க வாத்தியாரே," என்றாள் ரெஜினா. "கடலோரத்துப் பிள்ளைங்களுக்கு அது சரி."

பாத்திரத்துத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, அவள் உள்ளே போனாள்.