விளக்கெண்ணெய் ஊற்றின கல்யாணக் கார்

மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் பெண்ணின் அப்பா எடைமேடை மருதாசலம் ஒரு காருக்காக அலைந்துகொண்டிருந்தார். ஏதோ ஒரு கார் போதாது. பழைய காலத்துக் கார்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா நாச்சிமுத்து சொல்லிவிட்டார். மண்டபத்தில் காற்று வரவில்லை, பந்தலில் கட்டின வாழை குட்டை என்று வந்ததிலிருந்து குறை கண்டுகொண்டிருந்த மனிதர். காரும் சரியில்லை என்றால் முகூர்த்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாடகைக்கு விடுகிறவர்களோ கூசாமல் பெருந்தொகை கேட்டார்கள். மிச்சம் இருந்தது லேத் பட்டறை சென்னியப்பனின் பழைய ஹெரால்டு கார்.

"தாராளமா எடுத்துக்குங்க," என்றார் சென்னியப்பன், பேக்கரி வாசலில் டீயை ஆற்றியபடி. "சஸ்பென்ஷன் பூரா என் கையால செஞ்சதுங்க."

மருதாசலம் பயந்ததே அந்தச் சேதிக்குத்தான்.

"கடையில வாங்கலீங்களா?"

"எதுக்குங்க தண்டச் செலவு? லாரில கழிச்ச ஸ்பிரிங் பட்டாவை வெட்டி இதுக்குப் போட்டேன். புஷ்ஷெல்லாம் பழைய டயர்ல அறுத்தது. ஷாக் அப்சார்பருக்கு மோட்டார் பம்புப் பைப்பு. உள்ள ஊத்தினது சுத்தமான விளக்கெண்ணெய்."

டீ மாஸ்டர் பாய்லரைப் பார்த்தபடி இருமினார்.

"மொத நாளு பானெட்டு மேல தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் பாலை வெச்சு, சத்தி ரோட்டுல ஓட்டுனேன். சொட்டு சிந்தலை. அதை வுடுங்க, பாலு மேல இருந்த ஆடை சுருங்கலை."

"சரிங்க," என்றார் மருதாசலம். வேறு வழியில்லை.

"அப்பறம் ஒரு கோழி. பின்சீட்டுல முட்டை வெச்சு அடைக்கு உக்காந்துருக்குது, எனக்குத் தெரியாது. அவிநாசி போய்த் திரும்பறேன், குஞ்சு பொரிச்சு வெளிய எட்டிப் பாக்குது. வண்டி நகர்ந்ததே அப்பத்தான் அதுக்குத் தெரிஞ்சுது."

"அடைக்கு இருபத்தோரு நாளாகுமேங்க?"

"அவிநாசி ரோட்டு ட்ராபிக்கு உங்களுக்குத் தெரியாதா?"

டீ மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஆள் கூடினதும் சென்னியப்பனுக்குச் சுருதி ஏறியது.

"சூலூர்கிட்ட ஒரு வேகத்தடைங்க. ஏறுனது தெரியும், எறங்குனது தெரியாது. வண்டி எகிறி மேல போறப்ப மொட்டை மாடில ஒரு அம்மா வடகம் புழிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கீழ வர்றப்ப காஞ்ச வடகத்தை எடுத்து டப்பால போட்டுக்கிட்டு இருந்தாங்க."

"பாலாடை சுருங்காத வண்டி எப்பிடிங்க அவ்வளவு எகிறும்?" என்றார் மருதாசலம்.

"டம்ளரை எறக்கி வெச்சுட்டேனுங்களே. பாரம் கொறைஞ்சுதில்ல?"

பாரத்தைப் பற்றி எடைமேடைக்காரரிடமே சொல்கிறார். மருதாசலம் தன் டீயைக் குடித்து முடித்தார்.

சாயங்காலம் பூச்சரம் சுற்றிய ஹெரால்டு பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டது. சென்னியப்பன் ஓட்ட, பக்கத்தில் மருதாசலம். பின்னால் மாப்பிள்ளையும் நாச்சிமுத்துவும். குழாய் பதிக்கத் தோண்டி மூடின தெரு. முதல் பள்ளத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணுக்கு இறங்கியது. இரண்டாவதில் நாச்சிமுத்து மாப்பிள்ளையின் மடிக்கு வந்துவிட்டார். முன்னால் போன தவில்காரர் திரும்பிப் பார்த்தார். தான் வாசிக்கும் தாளத்தை விட்டுவிட்டுக் கார் குதிக்கிற தாளத்துக்கு மாறினார். சனம் விசிலடித்தது. மருதாசலத்துக்குப் பயம் போய் எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. அடக்க அடக்க அது தும்மலைப்போல் வெடித்தது. மாப்பிள்ளையும் தலைப்பாகைக்குள்ளிருந்து சிரித்தான்.

மண்டபத்து வாசலில் சென்னியப்பன் இன்ஜினை நிறுத்தினார். கார் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே தூளிபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஆரத்தி சுற்ற வந்த அத்தை, மாப்பிள்ளையின் நெற்றியைத் துரத்தித் துரத்திக் கடைசியில் மூக்கில் பொட்டு வைத்தாள்.

நாச்சிமுத்து இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்தி," என்றார். "என்னங்க இது?"

தவில் நின்றது. பெண் வீட்டார் முகமெல்லாம் வெளுத்தது. சென்னியப்பன் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பேசியது யார் என்று மருதாசலமே ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அவருடைய சொந்தக் குரல்தான்.

"காரு அசையவே இல்லீங்க, சம்பந்தி. கோயில்ல இருந்து இங்க வரைக்கும் குதிச்சது பூரா ரோடு. எங்க ஊரு ரோட்டுக்குக் கல்யாணம்னா அப்பிடி ஒரு சந்தோசம். இந்தக் காரு மட்டும் அழுத்திப் புடிக்கலீன்னா, ரோடு துள்ளுன துள்ளுல நாமெல்லாம் இந்நேரம் ஊட்டில இருந்திருப்போம். மண்டபத்தைப் பாருங்க, இன்னும் மேலயும் கீழயும் போகுது."

நாச்சிமுத்து மண்டபத்தைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது உண்மையில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

"சரிங்க," என்றார். "ரோடு நின்னதும் சொல்லுங்க, எறங்கிக்கறேன்."