போலாம் ரைட்

சடையப்பன் தலை நரைக்கும்வரை பஸ் கண்டக்டராக இருந்தவர். பஸ் கிளம்ப வேண்டுமென்றால் கயிற்றை இழுத்து டிங் டிங் என்று இரண்டு முறை அடிப்பார். கையோடு வாயும் "போலாம் ரைட்" என்று கத்தும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குருவை எல்லோரும் அம்மா என்பார்கள். சடையப்பனைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் சடையப்பனும் அம்மா என்றே கூப்பிட்டார்.

இங்கேதான் வந்தது வம்பு. ஆசிரமத்தில் தியானம் தொடங்கவும் மணியை இரண்டு முறைதான் அடிப்பார்கள். டிங் டிங். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். சடையப்பன் "போலாம் ரைட்" என்பார்.

முதல் நாள் சிரித்தார்கள். நாலாம் நாள் சிரிக்கவில்லை. மனுஷன் என்னதான் செய்து பார்க்கவில்லை? நாக்கைக் கடித்துக்கொண்டார், ரத்தம்தான் வந்தது. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டார், துண்டுக்குள்ளிருந்து கத்தினார். இன்றைக்குக் கத்தவே கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்த அன்றைக்கு, சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

பக்கத்தில் உட்காருகிறவர் நல்லசிவம், பாத்திரக்கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை. சாப்பாட்டுக்கும் அதே டிங் டிங்தான்; அது கேட்கும்போதெல்லாம், வேளை தவறாமல், சடையப்பனை முந்திக்கொண்டு அவர் மாதிரியே "போலாம் ரைட்" என்று கத்திக் காட்டுவார். பந்தியே சிரிக்கும். பௌர்ணமி தியானத்துக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள், அன்றைக்கும் மானத்தை வாங்கினால் இந்த ஆள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சடையப்பனும் ரோஷத்தில், கத்தினால் நானே பெட்டியைக் கட்டிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த கையோடு நேரே அம்மாவிடம் போனார். அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அவ போனதுக்கப்புறம் நான் நிம்மதியா தூங்குறது இங்கேதாம்மா. என்னை இங்கேயே இருக்க விடுங்க. இந்த வாயை எப்படி நிறுத்துறது?"

"எதுக்கு நிறுத்தணும்? கத்துங்க."

சடையப்பன் திருதிருவென்று விழித்தார்.

"ஆனா ஒண்ணு," என்றார் அம்மா. "மணி கேட்டதும் முதல்ல வயிறு முட்ட மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க. விட்டு முடிச்சப்புறம் தாராளமா கத்திக்கலாம்."

அன்றிலிருந்து அம்மா இடுப்பில் ஒரு சின்ன மணியைச் செருகிக்கொண்டு அலைந்தார். சடையப்பன் காய் நறுக்கினால் டிங் டிங். துணி துவைத்தால் டிங் டிங். பாதி நாள் வாய்தான் முந்தியது. அம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தார். மூச்சு முந்திக்கொண்டால் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கடலை மிட்டாய் கொடுப்பார். அதை வாங்கும்போது சடையப்பனுக்கு முகமெல்லாம் பல். போகப்போக, மூச்சை இழுத்து விட்டு முடிப்பதற்குள் எதற்குக் கத்த வந்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகத் தொடங்கியது. ஆனாலும் தியான மண்டபத்து மணிக்கு வாய் அடங்குமா என்று நம்பிக்கை வரவில்லை. பௌர்ணமியன்று மதியமே பெட்டியைக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டார்.

மாலையில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. நல்லசிவம் பக்கத்திலேயே உட்கார்ந்து, வரப்போகிற சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டிங் டிங்.

சடையப்பன் வயிறு முட்ட மூச்சை இழுத்தார். மெதுவாக விட்டார். உள்ளே தேடிப் பார்த்தார், கத்துவதற்கு ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் கண்ணோரம் நனைந்தது.

"போலாம் ரைட்!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நல்லசிவம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. வெகுநேரம் தாக்குப்பிடித்த நல்லசிவமும் கடைசியில் சிரித்துவிட்டார். அன்றைய தியானம் அப்படித்தான் நடந்தது.

கூட்டம் கலைந்ததும் நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"நான் ஒரு நாளும் பஸ்ஸுல வேலை பார்க்கலையேம்மா. விளையாட்டுக்குத்தானே சொல்லிட்டிருந்தேன். இது எனக்கு எப்படி ஒட்டிக்கிட்டுது? எப்படிப் போகும்?"

அம்மா இடுப்பிலிருந்த மணியை எடுத்தார். முந்தானையில் மிச்சமிருந்த மிட்டாயையும் அவிழ்த்தார். இரண்டையும் சடையப்பன் கையில் வைத்தார்.

"பெட்டியைப் பிரிங்க," என்றார். "இவரு நாளைக்குக் காய் நறுக்க வருவாரு."