சிலேட்டில் பேசியவர்

பால்வண்ணம் வாயை மூடிய நாளில் மடத்தில் எல்லோரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். பாவம், அவர் கையோடு ஒரு சிலேட்டு கொண்டுவந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது.

முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். வயது அறுபத்துமூன்று. தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு ஆடி முதல் தேதி வந்து, நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம் இருக்கப்போவதாகச் சொன்னார். மடத்தை நடத்திய கோமதியம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் குரு குருதானே என்று பால்வண்ணம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எழுந்ததும், வாசல் கோலத்தில் ஒரு புள்ளி தப்பியிருக்கிறது என்று சொன்னார். விரதத்துக்கு முன் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

விரதத்துக்குக் காரணம் மகள் செண்பகம். மனைவி போன பிறகு அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். சம்பந்தி வீட்டார் வந்திருந்த ஒரு விருந்தில், அவள் பரிமாறப் பரிமாற ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். அவியலுக்குத் தேங்காய் காணாது. அப்பளம் நமுத்துவிட்டது. பிள்ளை வளர்க்கும் லட்சணம் சரியில்லை. செண்பகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வாரமே அவர் தன் பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ஐந்து மாதம் கழித்து மகளிடமிருந்து கடிதம் வந்தது. ஆவணியில் பேரனுக்குக் காதுகுத்து. தேதியை எழுதி, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். "வாயைக் கட்டிக்கிட்டு இருக்க முடியும்னா வாங்கப்பா."

அதனால்தான் வாயைக் கட்டினார். கையைக் கட்டவேண்டும் என்று தோன்றவில்லை.

"ரசத்தில் புளி தூக்கல்."

"விளக்குத் திரி கோணல்."

"காலைப் பாட்டில் மூன்றாவது அடி தவறு."

ஒரு பிழை இல்லாமல், முத்து முத்தான எழுத்தில் எழுதி, எதிரே இருப்பவர் முகத்துக்கு நேராகச் சிலேட்டை நீட்டுவார். அவர் படித்துத் தலையாட்டுகிற வரை இறக்கமாட்டார்.

முப்பதாம் நாள் காலையில் கோமதியம்மா முன்னால் போய் உட்கார்ந்து சிலேட்டை நீட்டினார்.

"முப்பது நாளாக நாக்கைக் கட்டி வைத்திருக்கிறேன். விடுதலையும் இல்லை, நிம்மதியும் இல்லை. ஏன்?"

அம்மா படித்தார். சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "உலகம்மைக்கா, கொஞ்சம் வாங்க" என்றார்.

பதினோரு வருடமாக மடத்தில் சமைக்கிற உலகம்மை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நேத்து என்கிட்ட சொன்னதை ஐயாகிட்டயும் சொல்லுங்க."

"வேண்டாம்மா."

"சும்மா சொல்லுங்க."

உலகம்மை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் மகன் வீட்டுக்கே போயிருதேம்மா. வாயால சொன்னா காத்தோட போயிரும். இவுக எழுதியில்லா காட்டுதாக. நான் ரெண்டாங்கிளாஸ் படிச்சவ. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கணும். என்னைத் திட்டுறதை நானே கஷ்டப்பட்டு வாசிச்சுத் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு."

பால்வண்ணத்துக்குக் காது சூடேறியது. அவசரமாக எழுதினார். "நான் திட்டவில்லை. திருத்தினேன்."

கோமதியம்மா கையை நீட்டினார். "அந்தக் குச்சி டப்பாவைக் கொடுங்கய்யா."

கொடுத்தார். அம்மா ஒரு சிலேட்டுக் குச்சியை எடுத்து, நகத்தளவு ஒடித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"விரதம் முடியிற வரைக்கும் இதுதான். உலகம்மைக்கா, நீங்களும் அதுவரைக்கும் இருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

முதல் மூன்று நாள் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. குறைகள் வழக்கம்போல் கண்ணில் பட்டன. குச்சியோ துளியூண்டு. நாளைக்கு இதைவிடப் பெரிய குறை வந்தால் என்ன செய்வது என்று இன்றையதை விட்டார். மறுநாளும் அதே யோசனையில் விட்டார். நான்காம் நாள் விளக்குத் திரி மறுபடி கோணலாக இருந்தது. குச்சியைச் செலவழிக்க மனமில்லாமல் எழுந்துபோய் அவரே நிமிர்த்திவைத்தார். அரை நிமிஷம் ஆகவில்லை. இதற்காகவா இத்தனை நாள் எழுதிக் காட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காய்ச்சலில் விழுந்தார். வெளியே சாரல் விடாமல் அடித்தது. சமையல்கட்டிலிருந்து அவர் அறைக்கு வர முற்றத்தைக் கடந்து பதினெட்டுப் படி ஏறவேண்டும். உலகம்மைக்கு முழங்கால் வலி. ஆனாலும் வேளை தவறாமல் கஞ்சி வந்தது. யாரும் கொண்டுபோகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வாய் குடித்தார். உப்பு இல்லை. கை தானாகச் சிலேட்டை இழுத்தது. "கஞ்சியில்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

உலகம்மை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். குடையைக் கஞ்சிச் சட்டிக்குப் பிடித்து வந்திருக்கிறார் போலும். அவர் குனிந்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டத் தொடங்கினார். "க... கஞ்..."

பால்வண்ணத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளங்கையால் சிலேட்டை அழுத்தித் துடைத்தார். வேறு ஏதாவது எழுத நினைத்தார். முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. குச்சி விரலிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. அவர் அதைத் தேடவில்லை. கஞ்சியை எடுத்துக் குடித்தார். அந்தச் சூடு தொண்டையில் இறங்கியபோது, எத்தனையோ வருடமாக எதையும் இப்படி ருசித்துச் சாப்பிட்டதில்லை என்று தோன்றியது. கண் நிறைந்துவிட்டது.

"காய்ச்சல் இன்னும் விடலை போல" என்று சொல்லிவிட்டு உலகம்மை சட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு சிலேட்டு மூலையில் கிடந்தது. போட்டதைச் சாப்பிட்டார். படுத்தால் தூக்கம் வந்தது.

நாற்பத்தெட்டு நாளும் முடிந்த காலையில் அவர் முதலில் போனது சமையல்கட்டுக்கு.

"உலகம்மை" என்றார். குரல் கரகரத்தது.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னய்யா? சாம்பார் சரியில்லையா?"

"அன்னைக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க. கஞ்சி நல்லா இருந்தது."

"உப்புப் போட மறந்துட்டேன்யா. பிறகுதான் தெரிஞ்சுது."

"நல்லா இருந்ததும்மா."

உலகம்மை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உக்காருங்க. தோசை ஊத்துதேன்" என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கோமதியம்மாவிடம் போனார். அம்மா ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, விரதத்தை இன்னும் ரெண்டு நாள் நீட்டிக்கிடட்டுமா?"

"எதுக்கு?"

"நாளைக்குக் காதுகுத்து. அங்க போனா கண்ணு குறையைத்தான் தேடும். வாயைத் திறந்தா பழைய குணம் வந்துரும்மா. கட்டியே வச்சிருந்தா பத்திரம். மறுபடி ஏதாவது சொல்லிட்டேன்னா, மக ஜென்மத்துக்கும் வாசப்படி ஏத்தமாட்டா."

அம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "உங்க மக உங்களுக்கு என்னெல்லாம் செஞ்சிருக்கா?"

பால்வண்ணம் தயங்கினார். "அவ அம்மா போனதும், தனியா இருக்கக்கூடாதுன்னு அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

"ம்."

"கண் ஆபரேஷன் ஆனப்ப நாப்பது நாள், ஒரு நாளைக்கு நாலு தடவை மருந்து விட்டா. கைப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டே விடுவா. ஒரு நாள் கால் மணி நேரம் பிந்திட்டான்னு நான்..." நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"எனக்குப் பல்லு ஆகாதுன்னு முறுக்கைப் பொடிச்சு டப்பாவுல போட்டு வைப்பா. எனக்குன்னு தனியா சோறு குழைய வடிப்பா. மழை நாள்ல என் வேட்டியை இஸ்திரி போட்டுக் காய வைப்பா..."

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. படித்துறையில் குளித்தவர்கள் துணி பிழிந்துகொண்டு கரையேறிப் போனார்கள். அவர் இன்னும் முடிக்கவில்லை. கடைசியில் அவரே, மூச்சு வாங்க, நிறுத்தினார்.

"இதையெல்லாம் அவகிட்ட சொல்லியிருக்கீங்களாய்யா?"

"இல்லம்மா. ஒண்ணுகூடச் சொன்னதில்லை."

"அப்ப முதல்ல போய் இதைச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லி முடிச்ச பிறகு பொழுது மிச்சமிருந்தா, குறை சொல்லலாம்."